கார் நிறுத்தியதற்கு 100 பவுண்: தனியார் தரிப்பிடக் கம்பெனியின் கடிதம் வந்தால் என்ன செய்வது?

சனிக்கிழமை மாலை, கடையில் சனம் நிறைந்திருக்கும் நேரம். நீண்டகால வாடிக்கையாளரான ஓர் அம்மா கல்லாவடிக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டுகிறார். "தம்பி, போன கிழமை உங்கட கடைக்கு வந்து 12 பவுணுக்குச் சாமான் வாங்கினன். இப்ப கார் விட்டதுக்கு 100 பவுண் கட்டச் சொல்லி எழுதியிருக்கிறாங்கள். இனி நான் இந்தப் பக்கம் வரமாட்டன்" என்கிறார். கடைக்காரர் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நிற்கிறார்.

இங்கிலாந்தில் கடை நடத்தும் நம்மவர்களில் இந்த அனுபவம் இல்லாதவர் மிகக் குறைவு. வாடிக்கையாளருக்கு மட்டுமன்றி, மொத்தக் கொள்வனவுக்குப் போன நமது வானுக்கும், கடையின் பின்புறத்தில் அரிசி மூட்டை இறக்க நின்ற வாகனத்துக்கும் இதே கடிதம் வருகிறது. 2023–24 நிதியாண்டில் மாத்திரம் தனியார் தரிப்பிடக் கம்பெனிகள் டி.வி.எல்.ஏ.யிடம் இருந்து 12 மில்லியனுக்கும் மேற்பட்ட வாகனப் பதிவு விபரங்களைப் பெற்றுள்ளன. ஒவ்வொரு விபரத்துக்கும் ஏறத்தாழ ஒரு கடிதம் என்று கணக்கிட்டால், இது எவ்வளவு பெரிய தொழில் என்பது விளங்கும்.

இக்கடிதம் கிடைத்தவர்களில் ஒரு சாரார் பயந்து அன்றே பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் "இதெல்லாம் சும்மா வெருட்டு" என்று கிழித்துக் குப்பையில் போடுகிறார்கள். இரண்டும் பிழை என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது. பதறாத காரியம் சிதறாது என்பார்கள். உரிய திகதிக்குள், உரிய ஆதாரத்துடன் பதில் எழுதுபவர்களே இதில் தப்புகிறார்கள். கீழே கூறப்படுவன இங்கிலாந்து, வேல்ஸ் ஆகிய இடங்களின் சட்ட நிலைமையாகும். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில விதிகள் வேறுபடும்.

முதலில் கடிதம் யாருடையது என்று பாருங்கள்

கவுன்சில் அனுப்புவதும் பி.சி.என்., தனியார் கம்பெனி அனுப்புவதும் பி.சி.என். எழுத்துக்கள் ஒன்றாக இருந்தாலும் விடயம் வேறு. கவுன்சில் அனுப்புவது சட்டத்தின் கீழான தண்டம். அதைக் கட்டாமலும் ஆட்சேபிக்காமலும் விட்டால், வழக்கு விசாரணை எதுவும் இல்லாமலே பெய்லிவ் வீட்டு வாசலுக்கு வரும் அளவுக்கு அது போகலாம். அதற்கான மேன்முறையீட்டு மன்றமும் வேறு. ஆகவே தெருவில், மஞ்சள் கோட்டில், சிவப்புக் கோட்டில் நின்றதற்காக வரும் கடிதங்களுக்கு இக்கட்டுரை பொருந்தாது.

தனியார் கம்பெனி அனுப்புவது தண்டம் அன்று. அது ஒரு பணக் கோரிக்கை. "இந்த நிலத்தில் வாகனம் நிறுத்துவதற்கான நிபந்தனைகளைப் பலகையில் எழுதியிருந்தோம். நீங்கள் நிறுத்தியதன் மூலம் அவற்றை ஏற்றுக்கொண்டீர்கள். பின்னர் அவற்றை மீறினீர்கள். ஆகையால் இவ்வளவு தரவேண்டும்" என்பதே அதன் சாரம். நமக்குச் சாமான் தந்த மொத்த வியாபாரி பாக்கிப் பணத்தைக் கேட்பது எப்படியோ, சட்டத்தின் கண்ணில் இதுவும் ஏறத்தாழ அப்படித்தான். நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைப் பெறாமல் அவர்களால் உங்கள் பொருளைத் தொட முடியாது. முன்னர் செய்தது போல் தனியார் நிலத்தில் சக்கரத்துக்குப் பூட்டுப் போடுவதும் 2012 ஒக்டோபர் 1ஆம் திகதியுடன் சட்டவிரோதமாக்கப்பட்டு விட்டது.

அதற்காக இக்கோரிக்கை வெறும் கடதாசி என்று நினைத்துவிடவும் கூடாது. 2015 நவம்பர் 4ஆம் திகதி பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 'பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ்' என்ற வழக்கில் தீர்ப்பளித்தது. செம்ஸ்பேட் நகரின் ஒரு கடைத்தொகுதியில் 2 மணித்தியாலம் இலவசமாக வாகனம் நிறுத்தலாம் என்ற இடத்தில், ஒருவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றுவிட்டார். அதற்கு 85 பவுண் கேட்கப்பட்டது. "கம்பெனிக்கு அவ்வளவு நட்டம் ஏற்படவில்லையே, இது தண்டனை அல்லவா" என்று அவர் வாதாடினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடைக்கு வருவோருக்கு இடம் கிடைக்கும்படி வாகனங்களை நகர்த்துவதில் நியாயமான நலன் உண்டு என்றும், அறிவித்தல் பலகைகள் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தன என்றும் கூறி 85 பவுணைச் சரி என்றது. ஆகவே "தொகை அதிகம்", "நான் யாருக்கும் நட்டம் செய்யவில்லை" என்ற வாதங்களை மட்டும் நம்பிக் கடிதம் எழுதினால் இன்று எடுபடாது. ஆனால் அதே தீர்ப்பு நமக்கும் ஒரு பிடியைத் தருகிறது. அங்கே பலகை தெளிவாக இருந்தது. உங்கள் விடயத்தில் இருந்ததா?

திகதிகளைக் கணக்குப் பாருங்கள்

கம்பெனிக்கு ஓட்டியவரைத் தெரியாது. பதிவுப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்கே கடிதம் வரும். 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 4ஆவது அட்டவணை, சில நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே ஓட்டாத பதிவாளரிடம் பணம் கேட்க இடமளிக்கிறது. அவற்றுள் முக்கியமானது காலக்கெடு.

கண்ணாடியில் எந்த ரிக்கற்றும் வைக்காமல் கமரா மூலம் படம் பிடித்திருந்தால், கடிதம் வாகனம் நின்ற நாளுக்கு அடுத்த நாளில் இருந்து 14 நாளுக்குள் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். தபாலில் போட்ட கடிதம், போட்ட நாளுக்குப் பின்வரும் இரண்டாவது வேலைநாளில் கிடைத்ததாகக் கொள்ளப்படும். உதாரணமாக, 1ஆம் திகதி வாகனம் நின்றிருந்தால் 15ஆம் திகதிக்குள் கடிதம் வந்திருக்க வேண்டும். 14ஆம் திகதி தபாலில் போட்டிருந்தால் அது பிந்திய கடிதம்.

கண்ணாடியில் ரிக்கற் வைத்திருந்தால், பதிவாளருக்கான கடிதம் 28 நாள் கழிந்த பின்னரும் 56ஆவது நாளுக்குள்ளும் வரவேண்டும்.

இக்காலக்கெடு தவறினால் கம்பெனி ஓட்டியவரை மட்டுமே கேட்கலாம். பதிவாளரைக் கேட்க முடியாது. இங்கேதான் நம்மவர்கள் பலர் தாமாகவே அகப்பட்டுக் கொள்கிறார்கள். கோபத்தில் "நான் 10 நிமிடம்தான் நிறுத்தினேன்" என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியோடு ஓட்டியவர் யார் என்ற கேள்வி தீர்ந்துவிடுகிறது. காலக்கெடுப் பிழையும் பயனற்றுப் போகிறது. யார் ஓட்டியது என்று தனியார் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டிய சட்டக் கடமை பதிவாளருக்கு இல்லை. பொலிசார் கேட்டால் அது வேறு. அவர்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஆகவே "பதிவாளர் என்ற முறையில் எழுதுகிறேன்", "வாகனம் நிறுத்தப்பட்டது" என்ற நடையில் எழுதுங்கள். பொய் மாத்திரம் எழுத வேண்டாம். எழுதாமல் விடுவது வேறு, இல்லாததை எழுதுவது வேறு. நீதிமன்றத்தில் கேட்டால் உண்மையே சொல்லவேண்டும்.

எந்தக் காரணங்கள் எடுபடும்?

ஒன்று, இரு தடவை வந்ததை ஒரு தடவையாகக் கணக்கிடுதல். கமரா உள்ளே போன வாகனத்தையும் வெளியே வந்த வாகனத்தையும் மட்டுமே படம் பிடிக்கிறது. காலையில் காஷ் அன்ட் கரிக்குப் போய்ச் சாமான் எடுத்து வந்துவிட்டு, மறந்த பொருளுக்காகப் பின்னேரம் மீண்டும் போனால், இடையில் உள்ள ஒரு படம் தவறிவிடலாம். அப்போது முதல் வரவையும் கடைசிப் போக்கையும் சேர்த்து "6 மணித்தியாலம் நின்றீர்கள்" என்று கடிதம் வரும். இதை உடைக்க வியாபாரியிடம் நல்ல ஆதாரம் இருக்கிறது. இரண்டு பற்றுச்சீட்டுக்களிலும் நேரம் அச்சிடப்பட்டிருக்கும். இடைப்பட்ட நேரத்தில் கடையில் நின்றதற்குக் கல்லா இயந்திரத்தின் பதிவும் கடைக் கமராவும் உண்டு. ஆகவே கொள்வனவுப் பற்றுச்சீட்டுக்களைக் கணக்காளரிடம் கொடுப்பதற்கு முன்னர் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, சலுகை நேரம். பி.பி.ஏ., ஐ.பி.சி. என்ற இரு தொழிற் சங்கங்களும் சேர்ந்து 2024 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் ஒரே நடைமுறைக் கோவையைக் கொண்டுவந்தன. டி.வி.எல்.ஏ.யிடம் விபரம் பெற விரும்பும் கம்பெனி இவ்விரண்டில் ஒன்றில் அங்கத்துவம் பெற்றிருக்க வேண்டும். நேரம் கட்டுப்படுத்தப்பட்ட தரிப்பிடங்களில், அனுமதித்த நேரம் முடிந்த பின்னர் 10 நிமிடம் சலுகை கொடுக்கவேண்டும் என்று அக்கோவை கூறுகிறது. உள்ளே வந்து பலகையை வாசித்து, வேண்டாம் என்று திரும்பிப் போவதற்கும் தனியே சிறிது நேரம் உண்டு. கமரா காட்டும் நேரம் வாசலில் இருந்து வாசல் வரையானது. இடம் தேடிச் சுற்றிய நேரமும் அதற்குள் அடங்கும்.

மூன்று, எழுத்துப் பிழை. இயந்திரத்தில் வாகன இலக்கத்தைப் பதியும்போது பூச்சியத்துக்குப் பதிலாக ஓ என்ற எழுத்தை அழுத்துவது போன்ற சிறு பிழையானால், பணம் கட்டிய ஆதாரத்தைக் காட்டினால் கட்டணத்தை இரத்துச் செய்யவேண்டும். பெரிய பிழையானால் 20 பவுணுக்குக் குறைக்க இடமுண்டு.

நான்கு, பலகை. வாசலில் பலகை இல்லை, மரக்கிளை மறைக்கிறது, இரவில் வெளிச்சம் இல்லை, 100 பவுண் என்ற தொகை வாசிக்க முடியாத சின்ன எழுத்தில் இருக்கிறது என்றால் அது வலுவான காரணம். கடிதம் கிடைத்த உடனேயே போய்ப் படம் எடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் புதுப் பலகை நிற்கலாம்.

ஐந்து, சாமான் ஏற்றி இறக்குதல். வியாபாரிகளாகிய நாம் மிகக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியது இதுவே. 2016இல் ஒக்ஸ்போட் கவுண்டி நீதிமன்றம் 'ஜொப்சன் எதிர் ஹோம்கார்ட்' என்ற மேன்முறையீட்டில், மாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு மேசையை இறக்குவதற்காகச் சில நிமிடம் வாகனத்தை நிறுத்தியது 'பார்க்கிங்' ஆகாது என்று தீர்ப்பளித்தது. பொருள் இறக்கக் கூட நிற்க முடியாவிட்டால் மக்கள் அங்கே வாழவே முடியாது என்பதே அதன் நியாயம். இத்தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டாயம் கட்டுப்படுத்தாவிட்டாலும், எடுத்துக்காட்டக் கூடிய தீர்ப்பு. ஆனால் அந்த நேரத்தில் உண்மையாகவே சாமான் இறங்கியது என்பதை நீங்கள் காட்டவேண்டும். விநியோகச் சீட்டில் திகதி மட்டும் எழுதாமல் நேரத்தையும் எழுதி ஒப்பமிடும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள். இறக்கி முடிந்த பின்னர் அதே இடத்தில் வானை விட்டுவிட்டுத் தேநீர் குடித்தால் இந்த வாதம் நிற்காது.

ஆறு, கடைக் குத்தகைப் பத்திரம். கடையின் பின்வளவில் வாகனம் நிறுத்தவோ, ஏற்றி இறக்கவோ உங்கள் குத்தகையில் உரிமை எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால், பிற்பாடு கட்டட உரிமையாளர் கொண்டுவந்த கம்பெனி ஒரு பலகையை நட்டுவிட்டு அவ்வுரிமையை எளிதில் பறித்துவிட முடியாது. இந்தப் பத்திரம் பெரும்பாலும் இரும்புப் பெட்டிக்குள் தூங்குகிறது. அதை எடுத்து வாசிப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை.

ஆட்சேபம் எழுதும் முறை

பொதுவாகக் கேட்கப்படும் தொகை 100 பவுண் வரை. 14 நாளுக்குள் கட்டினால் 40 வீதம் கழிவு, அதாவது 60 பவுண். இந்தக் கழிவே பலரை அவசரப்பட வைக்கிறது. 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுதினால், அது நிராகரிக்கப்பட்டாலும் பொதுவாகக் கழிவுத் தொகையை மீண்டும் கட்டச் சந்தர்ப்பம் தரப்படும். ஆகவே ஆட்சேபிப்பதால் கழிவு போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். வீட்டில் பிள்ளைகளில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதித் தரலாம்; ஆனால் சொல்லவேண்டியது பின்வரும் அளவுதான்:

"உங்கள் இலக்கம் கொண்ட கடிதம் கிடைத்தது. வாகனத்தின் பதிவாளர் என்ற முறையில் இக்கட்டணத்தை ஆட்சேபிக்கிறேன். காரணம் இது (இங்கே ஒன்றோ இரண்டோ காரணங்கள்). ஆதாரமாக இப்பற்றுச்சீட்டுக்களின் பிரதிகளையும் படங்களையும் இணைத்துள்ளேன். இக்கட்டணத்தை இரத்துச் செய்யவும். மறுப்பதாயின் உங்கள் கமராப் படங்களையும், தரிப்பிடத்தின் பலகைகளின் படங்களையும், சுயாதீன மேன்முறையீட்டுக்கான விபரத்தையும் அனுப்பவும்."

இதில் வசவும் வேண்டாம், குடும்பக் கஷ்டமும் வேண்டாம். மூலப் பற்றுச்சீட்டை அனுப்பாமல் பிரதியை அனுப்புங்கள். தபாலில் அனுப்பினால் தபாற்கந்தோரில் அனுப்பியதற்கான சான்றிதழை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். நம்மவர்களில் பலர் தபாற்கந்தோரையே நடத்துகிறார்கள். ஆனாலும் தங்கள் கடிதத்துக்குச் சான்று வாங்க மறந்துவிடுகிறார்கள்.

அதே வேளையில் இன்னொரு கடிதத்தையும் எழுதுங்கள். நிலத்தின் சொந்தக்காரருக்கோ, அந்த இடத்தைப் பராமரிக்கும் முகவருக்கோ, நீங்கள் சாமான் வாங்கிய பெரிய கடையின் முகாமையாளருக்கோ பற்றுச்சீட்டுப் பிரதியுடன் எழுதிக் கேளுங்கள். கம்பெனியை அங்கே கொண்டுவந்தவர்கள் அவர்களே. "இவர் நமது வாடிக்கையாளர், இதை நீக்குங்கள்" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் பல தடவைகளில் கட்டணம் நீங்கிவிடும்.

நிராகரித்தால் அடுத்த படி

கம்பெனி மறுத்தால், மறுப்புக் கடிதத்திலேயே மேன்முறையீடு செய்யும் இடம் குறிப்பிடப்பட்டிருக்கும். பி.பி.ஏ. அங்கத்துவக் கம்பெனியானால் பொப்லா, ஐ.பி.சி. அங்கத்துவக் கம்பெனியானால் ஐ.ஏ.எஸ். பொப்லாவுக்கு மறுப்புக் கடிதத்தின் திகதியில் இருந்து 28 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் இல்லை. அங்கே நீங்கள் வென்றால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட வேண்டும். தோற்றால் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் கழிவுத் தொகை இனிக் கிடைக்காது, கம்பெனி வழக்குக்கும் போகலாம்.

இந்தக் கட்டத்தில் காரணங்களை விரிவாக எழுதலாம். அந்த நிலத்தில் கட்டணம் அறவிடுவதற்கு நிலச் சொந்தக்காரர் அதிகாரம் கொடுத்த ஒப்பந்தத்தைக் காட்டும்படியும் கேட்கலாம். காட்ட முடியாமல் தோற்ற கம்பெனிகள் உண்டு.

கடன் அறவிடுவோரின் கடிதமும் நீதிமன்றக் கடிதமும்

மேன்முறையீட்டின் பின்னரோ அல்லது நீங்கள் பேசாமல் இருந்தாலோ கடன் அறவிடும் நிறுவனங்களின் கடிதங்கள் வரத்தொடங்கும். சிவப்பு எழுத்தில் தொகை 170 பவுண் வரை ஏறியிருக்கும். இவர்கள் பெய்லிவ் அல்லர். உங்கள் கடைக்குள் நுழையவோ பொருளை எடுக்கவோ இவர்களுக்கு அதிகாரம் இல்லை. இக்கடிதங்களைக் கண்டு பதற வேண்டாம். ஆனால் திகதி வாரியாகக் கோவையில் போட்டு வையுங்கள்.

பதில் எழுதியே தீரவேண்டிய கடிதங்கள் இரண்டு. முதலாவது, வழக்குக்கு முந்திய அறிவித்தல். தனி நபருக்கும், தனி உரிமையாளராகக் கடை நடத்துபவருக்கும் அதற்குப் பதிலளிக்க 30 நாள் உண்டு. இரண்டாவது, கவுண்டி நீதிமன்றத்தின் வழக்குப் படிவம். இது வந்தால் ஒரு நாள் கூடத் தாமதிக்கக் கூடாது. படிவம் வழங்கப்பட்ட திகதிக்கு 5 நாளின் பின்னர் அது கிடைத்ததாகக் கொள்ளப்படும். அதிலிருந்து 14 நாளுக்குள் பதிலளிக்க வேண்டும். "கிடைத்தது, எதிர்வாதம் செய்யவிருக்கிறேன்" என்று அந்த 14 நாளுக்குள் அறிவித்தால் எதிர்வாதம் அனுப்ப மொத்தம் 28 நாள் கிடைக்கும். இத்தகைய வழக்குகள் சிறு கோரிக்கைப் பிரிவில் விசாரிக்கப்படுவன. அங்கே தோற்றாலும் எதிர்த்தரப்பின் முழுச் சட்டத்தரணிச் செலவும் உங்கள் தலையில் விழுவது வழக்கமன்று.

படிவத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும்? விசாரணை இல்லாமலே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடும். தீர்ப்புத் திகதியில் இருந்து 1 மாதத்துக்குள் முழுத் தொகையையும் கட்டினால் பதிவேட்டில் இருந்து உங்கள் பெயரை நீக்கலாம். அல்லாவிடில் 6 வருடம் அது அங்கே இருக்கும். வங்கியில் கடை விரிவாக்கக் கடன் கேட்கும்போதும், வீட்டுக் கடன் புதுப்பிக்கும்போதும், மொத்த வியாபாரியிடம் கடனுக்குச் சாமான் கேட்கும்போதும் அது முன்னே வந்து நிற்கும். நூறு பவுணில் தொடங்கிய விடயம் ஒரு வியாபாரியின் நாணயத்தையே தொட்டுவிடுகிறது.

நாம் அறிந்த கடைக்காரர் ஒருவருக்கு இதுவே நடந்தது. அவர் அலட்சியக்காரர் அல்லர். கடையையும் வீட்டையும் வேறு இடத்துக்கு மாற்றியவர், வானின் பதிவுப் புத்தகத்தில் முகவரியை மாற்ற மறந்துவிட்டார். கம்பெனியின் கடிதமும், நீதிமன்றப் படிவமும், தீர்ப்பும் பழைய முகவரிக்கே போய்ச் சேர்ந்தன. வங்கி கடன் மறுத்த அன்றுதான் அவருக்கு எல்லாம் தெரியவந்தது. தீர்ப்பை நீக்கக் கோரி மீண்டும் நீதிமன்றத்துக்குப் பணம் கட்டி விண்ணப்பித்து அலைந்தார். நின்ற இடமோ, அவர் உரிமையோடு சாமான் இறக்கிய இடம். முதற் கடிதம் கையில் கிடைத்திருந்தால் ஒரு விநியோகச் சீட்டுடன் முடிந்திருக்கக் கூடிய விடயம். இதை வாசித்து முடித்ததும் உங்கள் கார், வான் ஆகியவற்றின் பதிவுப் புத்தகத்தில் முகவரி சரியா என்று எடுத்துப் பாருங்கள். முகவரியை மாற்றுவதற்கு டி.வி.எல்.ஏ. பணம் கேட்பதில்லை.

நமது வாசலிலும் கம்பெனி நிற்கிறதா?

இதுவரை கட்டணம் வந்தவரின் பக்கத்தில் நின்று பேசினோம். ஆனால் நம்மில் சிலர் மறுபக்கத்திலும் நிற்கிறோம். ரயிலுக்குப் போகிறவர்கள் நாள் முழுவதும் கடை முன்னால் காரை விட்டுவிட்டுப் போவதால், வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று கண்டு ஒரு கம்பெனியை அழைக்கிறோம். "உங்களுக்கு ஒரு சதமும் செலவில்லை" என்று அவர்கள் சொல்வது உண்மைதான். அச்செலவு எங்கிருந்து வருகிறது என்பதை யோசிக்க வேண்டும். முதலில் சொன்ன அம்மாவின் 100 பவுணில் இருந்துதான் அது வருகிறது.

ஆகவே ஒப்பமிடுவதற்கு முன்னர் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். நமது வாடிக்கையாளருக்குப் பிழையாக வந்த கட்டணத்தைப் பற்றுச்சீட்டைப் பார்த்து நீக்கச் சொல்லும் உரிமை நமக்கு உண்டா? சாமான் கொண்டுவரும் வாகனங்களுக்கு விலக்கு உண்டா? இலவச நேரம் போதுமா? வாராந்தச் சாமானுக்கு வரும் குடும்பத்துக்கு 20 நிமிடம் காணாது. மாற்றுத் திறனாளிகளுக்குக் கூடுதல் நேரம் உண்டா? நீல அட்டை தனியார் நிலத்தில் தானாகவே செல்லுபடியாகாது என்றாலும், 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அவர்களுக்கு நியாயமான வசதி செய்து கொடுக்கும் கடமையை விதிக்கிறது. ஒப்பந்தத்தை எத்தனை நாள் முன்னறிவித்தலில் முடிக்கலாம்? பலகையில் நாம் விளங்கக்கூடிய மொழியில் நேரமும் தொகையும் பெரிதாக எழுதப்படுமா?

கட்டட உரிமையாளரே கம்பெனியைக் கொண்டுவந்திருந்தால், தொகுதியிலுள்ள கடைக்காரர் எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதமாக அவருக்கு எழுதுங்கள். பத்துக் கடைகளின் ஒப்பம் உள்ள கடிதத்தை ஒதுக்குவது இலகுவல்ல. கல்லாவடியில் "எங்கள் தரிப்பிடத்தில் இவ்வளவு நேரமே நிற்கலாம், கடிதம் வந்தால் பற்றுச்சீட்டுடன் எங்களிடம் கொண்டுவாருங்கள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த ஒரு கடதாசியே வாடிக்கையாளரைத் திரும்பக் கொண்டுவரும்.

இத்துறையை அரசாங்கமே நேரடியாக ஒழுங்குபடுத்த வேண்டும் என்று 2019இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. அதன்படி 2022 பெப்ரவரியில் வெளியிட்ட நடைமுறைக் கோவை அதே ஆண்டு ஜூனில் மீளப்பெறப்பட்டது. 2025 ஜூலையில் அரசாங்கம் மீண்டும் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. அரசாங்கம் எழுதித் தரும் வரை காத்திருக்காமல், நமது கையில் இருப்பதை வைத்து நாம் செய்யவேண்டியதைச் செய்வோம்.

சுருங்கச் சொன்னால், கடிதம் வந்த அன்று உறையையும் பத்திரப்படுத்துங்கள், திகதியைக் கணக்குப் பாருங்கள், பற்றுச்சீட்டைத் தேடுங்கள், 14 நாளுக்குள் எழுதுங்கள், நீதிமன்றப் படிவத்தை ஒருபோதும் ஒதுக்காதீர்கள். பிழை உண்மையிலேயே நம்முடையதானால் கழிவுக் காலத்துக்குள் 60 பவுணைக் கட்டி முடித்துக்கொள்வதும் புத்திசாலித்தனமே. பிழை நம்முடையதல்ல என்றால் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. ஆலோசனை தேவைப்படுவோர் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களில் இலவசமாகக் கேட்டறியலாம். அடுத்த முறை அந்த அம்மா கடிதத்துடன் கல்லாவடிக்கு வரும்போது, "தாருங்கோ அம்மா, பாப்பம். பில் வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்கக்கூடிய கடைக்காரராக நாம் இருக்கவேண்டும்.